எடுத்ததற்குக் கணக்கு

(ஒரு நூலக வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில், துணி வடிவமைப்புப் படிக்கும் இறுதியாண்டு மாணவி ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்.)



படைப்பாற்றலைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். அது மிகப் பெரிய தலைப்பு. அதற்குள் நான் ஒரே ஒரு சந்துக்குள்தான் உங்களை அழைத்துப் போக முடியும். அடுத்தவர் யோசனையை எடுத்துக்கொள்வது பற்றிப் பேசப் போகிறேன். எது கற்றல், எது தழுவல், எது திருட்டு? துணியில் பூப்போடக் கற்றுக்கொள்ளும் எனக்கு இது தினசரிக் கேள்வி.

எங்கள் கல்லூரி போன்ற வடிவமைப்புக் கல்லூரிகளில் பருவத்தின் கடைசியில் ஜூரி என்று ஒன்று நடக்கும். செய்ததையெல்லாம் சுவரில் ஒட்டிவிட்டு அதன் பக்கத்திலேயே நிற்க வேண்டும். ஆசிரியர்களும் வெளியிலிருந்து வந்த வல்லுநர்களும் வரிசையாக நடந்து வருவார்கள். முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "இது எங்கேயிருந்து வந்தது?" முதலாண்டு மாணவர்கள் நெஞ்சைத் தொட்டு, "என் மனசிலேயிருந்து வந்தது, மேடம்" என்பார்கள். அதைக் கேட்டு மகிழ்ந்த ஆசிரியர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. இறுதியாண்டு மாணவர்கள் ஒரு பட்டியலை நீட்டுவார்கள்: இந்தக் கோயில் விதானம், இந்த மீன்வலை, பாட்டியின் சுருக்குப்பை, இன்ன நாட்டு ஓவியர். ஆசிரியர் முகம் மலரும். அடுத்த கேள்வி உடனே வரும்: "சரி, இதில் நீ என்ன செய்தாய்?"

எடுப்பதில் தப்பில்லை என்பது என் கட்சி. ஆனால் எடுத்தவர் கணக்குக் காட்ட வேண்டும். அந்தக் கணக்கில் மூன்று வரி உண்டு. எதை எடுத்தாய்? அதோடு எதைச் சேர்த்தாய்? யாரிடமிருந்து என்பதைச் சொன்னாயா? இந்த மூன்று கேள்விகளை வைத்துக்கொண்டு சில கதைகளைப் பார்ப்போம்.

பழைய சட்டம்

இந்தக் கேள்விகளை வடிவமைப்புப் பள்ளிகள் கண்டுபிடித்ததாக எண்ண வேண்டாம். பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில் நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று மூன்றாகப் பிரிக்கிறார். முன்னோர் சொன்ன முடிவை ஏற்றுக்கொண்டு, பின்வந்தவர் தமக்கு வேண்டிய வேறுபாடுகளைச் சேர்த்துச் சொல்வது வழிநூல். அப்படி எழுதுவது இழிவு என்று அவர் எங்கும் சொல்லவில்லை. அதற்கும் மரியாதையான ஓர் இடம் கொடுக்கிறார். தொல்காப்பிய மரபியலோ இன்னும் ஒருபடி போய், வழிநூல் செய்யும் முறைகளையே வகைப்படுத்துகிறது: விரிந்ததைத் தொகுக்கலாம், தொகுத்ததை விரிக்கலாம், இரண்டையும் கலந்து செய்யலாம், மொழிபெயர்க்கலாம்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது வேறொரு விதி. ஒரு நூலின் சிறப்புப் பாயிரம் கட்டாயம் சொல்ல வேண்டிய செய்திகள் எட்டு என்று நன்னூல் பட்டியல் போடுகிறது. ஆசிரியர் பெயர் முதலாவது. அதற்கு அடுத்ததே, இந்த நூல் எந்த நூலின் வழியில் வந்தது என்பது. நூலின் பெயர்கூட அதற்குப் பிறகுதான் வருகிறது! ஏறக்குறைய எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே, மூலத்தைச் சொல்லாத புத்தகம் வாசலைத் தாண்டக் கூடாது என்று இங்கே ஒருவர் எழுதிவைத்திருக்கிறார்.

கம்பர் அந்த விதிப்படி நடந்தவர். கதை வான்மீகியுடையது என்று முதலிலேயே ஒப்புக்கொள்கிறார். பாற்கடலை நக்கிக் குடிக்க வந்த பூனையாகத் தம்மைச் சொல்லிக்கொள்கிறார். இப்படி அடக்கமாகச் சொல்லிவிட்டுத்தான் மூலத்தில் தாராளமாகக் கைவைக்கிறார். வான்மீகியின் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்குகிறான். கம்பரின் இராவணன் அவளைத் தொடாமல் பர்ணசாலையோடு, நிலத்தோடு பெயர்த்துக்கொண்டு போகிறான். இரணியன் வதைப் படலம் வான்மீகியில் இல்லவே இல்லை. கம்பர் அதை வீடணன் வாயில் வைத்துக் கொண்டுவந்து, இராவணனுக்கு எச்சரிக்கையாக நிறுத்துகிறார். எதை எடுத்தார், எதைச் சேர்த்தார், யாரிடமிருந்து எடுத்தார் என்று மூன்று வரிக்கும் கணக்கு இருக்கிறது. கம்பரை நகல் எழுதியவர் என்று இன்றுவரை யாராவது சொன்னதுண்டா?

பார்த்துப் போடுவது

அடுத்து, பார்த்துப் போடுவதைப் பற்றி. எங்கள் முதலாண்டில் பாதி நாள் இதே வேலைதான். பழைய துணியைப் பார்த்து ஒரு பூவை அப்படியே வரைய வேண்டும். "இதில் என் கற்பனை எங்கே?" என்று கேட்காத மாணவர் இல்லை. அவர்களுக்கு நான் வான் கோவைக் காட்டுவேன்.

1887இல் பாரிஸில் இருந்த வான் கோ, ஜப்பானிய மரச்செதுக்கு ஓவியரான ஹிரோஷிகேயின் இரண்டு படங்களை எண்ணெய் வண்ணத்தில் நகல் எடுத்தார். ஒன்று பூத்த பிளம் மரம், இன்னொன்று மழையில் ஒரு பாலம். கட்டம் போட்டு, அளவெடுத்துச் செய்த நகல்கள். படத்தைச் சுற்றி ஒரு சட்டம் வரைந்து அதில் ஜப்பானிய எழுத்துகளையும் நிரப்பினார். அந்த எழுத்து அவருக்குப் படிக்கத் தெரியாது! ஆனால் அவர் கை அப்போது வேறொன்றைப் படித்துக்கொண்டிருந்தது. நிழலே இல்லாத தட்டையான வண்ணம், அழுத்தமான வெளிக்கோடு, பாதியில் வெட்டப்பட்ட மரம். மறு ஆண்டு ஆர்ல் நகரத்துக்குப் போய் அவர் வரைந்த படங்களில் ஜப்பானியப் பாலமும் இல்லை, எழுத்தும் இல்லை. அந்தத் தட்டையான வண்ணமும் துணிச்சலான கோடும் மட்டும் பிரான்சின் தென்பகுதி வயல்களில் இறங்கியிருந்தன. அந்த இரண்டு நகல்களும் இன்றும் ஆம்ஸ்டர்டாமில் அவர் பெயரிலுள்ள அருங்காட்சியகத்தில், ஹிரோஷிகேயைப் பார்த்து வரைந்தவை என்ற குறிப்போடு இருக்கின்றன.

கர்நாடக இசையில் வயலின் வந்த கதையும் இதுதான். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர், ஐரோப்பியரிடம் இருந்த வயலினைக் கற்று நம் இசைக்குக் கொண்டுவந்தவர் என்று இசை வரலாறு சொல்கிறது. வாத்தியம் அப்படியே வந்தது. ஆனால் நின்று வாசித்ததை நாம் உட்கார்ந்து வாசிக்கிறோம். தலைப்பகுதியைக் கணுக்காலில் ஊன்றிக்கொள்கிறோம். தந்திகளின் சுருதியை மாற்றி, கமகம் வழுக்கிக்கொண்டு வர வழி செய்தோம். இன்று வயலின் இல்லாத கச்சேரியை நினைத்துப் பார்க்க முடிகிறதா? எடுத்தது கருவி. சேர்த்தது ஒரு வாசிப்பு முறை. எங்கிருந்து வந்தது என்பதை யாரும் மறைக்கவும் இல்லை.

சோழமண்டலக் கரையின் துணி

இப்போது என் துறைக்கே வருகிறேன். இங்கே கணக்கு சிக்கலாகும்.

17, 18ஆம் நூற்றாண்டுகளில் மசூலிப்பட்டினத்திலிருந்து பழவேற்காடு, புதுச்சேரி, நாகப்பட்டினம் வரையிலான கடற்கரையிலிருந்து உலகம் முழுவதற்கும் எழுதுவண்ணத் துணி போனது. கலம்காரி என்று இன்று நாம் சொல்வது அதன் தொடர்ச்சி. ஐரோப்பியர்கள் அதைச் சின்ட்ஸ் என்றார்கள். அவர்கள் அதைக் கண்டு மயங்கியதற்கு அழகு மட்டும் காரணமில்லை. ஐரோப்பாவில் துணிமேல் தீட்டிய வண்ணம் துவைத்தால் போய்விடும். இங்கிருந்து போன துணியில் துவைக்கத் துவைக்க வண்ணம் பளிச்சிட்டது.

அந்த வித்தையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் திருடப்பட்டது எது என்று தெரிய வேண்டும். முதலில் துணியைக் கடுக்காய்ச் சாறும் எருமைப்பாலும் கலந்த கரைசலில் நனைத்துக் காயவைப்பார்கள். கடுக்காயின் துவர்ப்பு பின்னால் வரும் உப்புகளைப் பிடித்துக்கொள்ளும். பாலின் கொழுப்பு கோடு பரவாமல் தடுக்கும். ஊசியால் துளையிட்ட தாளைத் துணிமேல் வைத்துக் கரித்தூளைத் தட்டினால் படம் புள்ளிகளாக இறங்கும். கறுப்புக் கோட்டுக்குப் பழைய இரும்பையும் வெல்லத்தையும் ஊறவைத்த காடி. சிவப்பு வேண்டிய இடத்தில் படிகார நீர். இரண்டையும் மூங்கில் எழுதுகோலால் எழுதுவார்கள். பிறகு துணியைச் சாயவேர் போட்ட கொதிநீரில் இறக்குவார்கள். படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவக்கும். மற்ற இடத்தில் ஏறிய மங்கல் நிறம் அலசி வெயிலில் வெளுத்துப் போகும். நீலத்துக்கு, நீலம் வேண்டாத இடமெல்லாம் மெழுகால் மூடிவிட்டு அவுரித் தொட்டியில் முக்குவார்கள். நீலத்தின்மேல் மஞ்சளை எழுதினால் பச்சை. ஆகவே அந்த ஓவியர் எழுதியது பெரும்பாலும் வண்ணத்தையே இல்லை. வண்ணத்தைப் பிடித்துவைக்கும் உப்பை. வேதியியல் என்ற பாடம் வருவதற்கு முன்பே நடந்த வேதியியல் இது.

இந்தத் துணி வந்து குவிந்ததில் ஐரோப்பிய நெசவாளர்கள் ஆடிப்போனார்கள். பிரான்ஸ் 1686இல் இதைத் தடை செய்தது. இங்கிலாந்து 1700இலும் 1721இலும் சட்டம் போட்டது. தடை இருக்கும்போதே வித்தையைக் கற்கும் வேலையும் நடந்தது. 1734 வாக்கில் புதுச்சேரியில் இருந்த போலியூ என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி, ஒரு துணி உருவாகும் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு துண்டை வெட்டி எடுத்துக் குறிப்போடு பாரிஸுக்குக் கொண்டுபோனார். 1742இல் கேர்தூ என்ற யேசு சபைப் பாதிரியார் இங்கிருந்து ஒரு நீண்ட கடிதம் எழுதினார். கிறித்தவத்துக்கு மாறிய சாயத் தொழிலாளர்களிடம் கேட்டுக் கேட்டு, கடுக்காய் முதல் கடைசி அலசல் வரை அதில் விவரித்தார். கடிதம் அச்சேறியது. 1759இல் பிரான்ஸ் தடையை நீக்கியது. மறு ஆண்டே ஓபர்காம்ப் என்பவர் பாரிஸை அடுத்த ஜூயீ என்ற ஊரில் அச்சுத்துணிப் பட்டறை தொடங்கினார். அது அரச பட்டறை என்ற பட்டமும் பெற்றது. அடுத்த நூற்றாண்டில் மான்செஸ்டரின் எந்திரத் துணி நம் சந்தைக்கே வந்து இறங்கியது.

இதை வெறும் திருட்டு என்று முடித்துவிடலாமா? எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. ஏனென்றால் நம் ஓவியர்களும் கைகட்டி உட்கார்ந்திருக்கவில்லை. அதே கரையிலிருந்து சயாமுக்கு ஒரு வடிவம், ஜப்பானுக்கு ஒரு வடிவம், பாரசீகத்துக்கு ஒன்று, ஜாவாவுக்கு ஒன்று என்று வாங்குபவர் நாட்டுக்குத் தக்கபடி துணி போனது. ஐரோப்பிய வணிகர்கள் மாதிரித் துணிகளையும் படங்களையும் அனுப்பி, சிவப்புத் தரை வேண்டாம், வெள்ளைத் தரையில் பூ வேண்டும் என்று கேட்டார்கள். நம்மவர்கள் செய்து கொடுத்தார்கள். படுக்கை விரிப்புகளில் ஒரு பெரிய மரம் வளைந்து நெளிந்து எழுமே, அதன் அடியில் இருப்பது சீனப் பாணிப் பாறை. பூக்களில் பாரசீகச் சாயலும் ஐரோப்பியத் தையல்வேலையின் சாயலும் உண்டு. அந்த மரத்தை எந்த நாட்டு மரம் என்று சொல்வது? உலகம் முழுவதிலிருந்தும் எடுத்து, இந்தக் கரையில் வளர்த்த மரம் அது.

அப்படியானால் குறை எங்கே இருக்கிறது? ஓபர்காம்பும் சும்மா நகல் எடுத்தவர் இல்லை. செப்புத்தகட்டு அச்சைக் கொண்டுவந்து பிரெஞ்சு நாட்டுப்புறக் காட்சிகளைத் துணியில் ஏற்றியவர். சேர்த்த கணக்கு அவரிடம் இருக்கிறது. மூன்றாவது வரியில்தான் புத்தகம் காலியாக இருக்கிறது. பாரிஸ் மெட்ரோவில் இன்றும் ஓபர்காம்ப் என்ற பெயரில் ஒரு நிலையம் உண்டு. உலகின் பெரிய அருங்காட்சியகங்களில் தொங்கும் நம் துணிகளின் அருகே போய்ப் பாருங்கள். பெரும்பாலும் "சோழமண்டலக் கரை, 18ஆம் நூற்றாண்டு" என்ற அளவில் குறிப்பு நின்றுவிடும். கேர்தூவுக்கு வித்தை சொல்லிக் கொடுத்தவர்களின் பெயர்களை நாம் தெரிந்துகொள்ள வழியில்லை. எடுத்தவனுக்கு நிலையம், கொடுத்தவனுக்கு ஊர்ப்பெயர்கூட முழுசாக இல்லை.

தோற்றமும் காரணமும்

முதல் கேள்விக்கு, எதை எடுத்தாய் என்பதற்கு, மதுரை சுங்குடியைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை. குஜராத்துப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த சௌராஷ்டிர மக்கள் மதுரையில் வளர்த்த கலை இது. அவர்கள் கொண்டுவந்தது முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றும் முறை. துணியைச் சிறு சிறு புள்ளியாகக் கிள்ளி, நூலால் இறுக்கிக் கட்டி, சாயத்தில் முக்கி, காய்ந்தபின் அவிழ்த்தால் கட்டிய இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி. ஒவ்வொரு புள்ளியும் கொஞ்சம் கோணலாக, நடுவில் ஒரு துளி நிறத்தோடு இருக்கும். அது முடிச்சின் அடையாளம். மதுரை வெயிலுக்கு ஏற்ற பருத்தியில் அந்த முறை இறங்கியபோது புதிதாக ஒரு புடவை பிறந்தது. 2005இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இன்று கடையில் சுங்குடி என்று விற்பதில் பெரும்பகுதி அச்சுப் புள்ளி. அச்சில் வந்த புடவைக்கும் அதற்குரிய நியாயமான விலை உண்டு, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த அச்சுப் புள்ளியை உற்றுப் பாருங்கள். சில வடிவங்களில் முடிச்சின் கோணலைக்கூட அச்சடித்திருப்பார்கள். முடிச்சே போடாத துணியில் முடிச்சின் தழும்பு எதற்கு? சௌராஷ்டிர மக்கள் கொண்டுவந்தது புள்ளி உண்டாகும் காரணம். அச்சுக்காரர் எடுத்தது புள்ளியின் முகம் மட்டும்.

காரணத்தை எடுத்தவர்கள் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு லண்டன் சுரங்க ரயில் வரைபடம் ஒரு சாட்சி. ஹாரி பெக் அந்த ரயில் நிறுவனத்தின் சிக்னல் பிரிவில் வரைவாளராக இருந்தவர். பழைய வரைபடங்கள் ஊரின் உண்மையான தூரத்தைக் காட்ட முயன்று சிக்கலான நூல்கண்டாகக் கிடந்தன. ஆனால் அவருக்குப் பழக்கமான மின்சுற்றுப் படத்தில் கம்பி எத்தனை அடி நீளம் என்பது முக்கியமில்லை. எது எதோடு இணைகிறது என்பதே முக்கியம். பயணிகளுக்கும் அதுதானே வேண்டும்? 1931இல் அவர் எல்லாக் கோடுகளையும் நேராகவும் சாய்வாகவும் மட்டும் போட்டு ஒரு படம் வரைந்தார். நிறுவனம் முதலில் தள்ளிவிட்டது. 1933இல் அச்சிட்டது. இன்று சென்னை மெட்ரோ நிலையத்துச் சுவரில் நீங்கள் பார்க்கும் வரைபடமும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். மின்சுற்றுப் படத்தின் முகத்தை எடுத்திருந்தால் ஒரு வேடிக்கைச் சித்திரம் மிஞ்சியிருக்கும். அதன் நியாயத்தை எடுத்ததால் உலகத்துக்கே ஒரு வழிகாட்டி கிடைத்தது.

கணினி உலகத்திலிருந்தும் ஒன்று சொல்கிறேன். 1979இல் ஆப்பிள் நிறுவனத்தார் ஜெராக்ஸின் பாலோ ஆல்ட்டோ ஆய்வுக்கூடத்துக்குப் போய், மௌஸ், ஜன்னல், சின்னப் படங்கள் எல்லாம் கொண்ட திரையைப் பார்த்தார்கள் என்ற கதை பலருக்குத் தெரியும். திருடிவிட்டார்கள் என்றே சொல்லப்படும். ஆனால் ஆப்பிள் பங்குகளில் முதலீடு செய்ய ஜெராக்ஸுக்கு வாய்ப்புக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போனார்கள். மௌஸும் ஜெராக்ஸில் பிறந்ததில்லை. டக்ளஸ் எங்கல்பார்ட் 1968இலேயே அதைப் பொதுமேடையில் இயக்கிக் காட்டியிருந்தார். ஜெராக்ஸின் மௌஸில் மூன்று பொத்தான். விலை 300 டாலர் அளவில். 15 டாலரில், ஒரே பொத்தானோடு செய்யச் சொன்னார் ஸ்டீவ் ஜாப்ஸ். ஆப்பிளிலிருந்து போன அந்தக் குழுவில் இருந்த பில் அட்கின்சன், ஒரு ஜன்னலின்மேல் இன்னொன்று கிடக்கும்போது அடியிலுள்ளதும் தானே புதுப்பித்துக்கொள்வதை ஜெராக்ஸில் பார்த்ததாக நினைத்துக்கொண்டு, ராப்பகலாக உழைத்து அதை எழுதி முடித்தார். பிறகுதான் தெரிந்தது, ஜெராக்ஸின் கணினி அதைச் செய்யவே இல்லை! அவர் பார்க்காத ஒன்றைப் பார்த்ததாக நம்பிச் செய்துவிட்டார். வெறுமனே எடுக்கப் போனவர் கையிலும், வேலை செய்யும் புத்தி இருந்தால் புதியது பிறக்கும். கதையின் மறுபக்கமும் உண்டு: அதே ஆப்பிள் 1988இல் தன் திரையின் தோற்றத்தை எடுத்துவிட்டதாக மைக்ரோசாஃப்ட்மேல் வழக்குப் போட்டது, மறு ஆண்டு ஜெராக்ஸ் ஆப்பிள்மேல் வழக்குப் போட்டது.

இன்றைய கிணறு

நாங்கள் வேலை தொடங்கும்போது மூட்போர்டு என்று ஒன்று செய்வோம். மனதில் உள்ள உணர்வுக்குப் பொருத்தமான படங்களை, நிறங்களை, துணித்துண்டுகளை ஓர் அட்டையில் ஒட்டுவது. முன்பு அதற்குப் பழைய பத்திரிகை, கடைவீதி, அருங்காட்சியகம் என்று அலைய வேண்டும். இப்போது பின்ட்ரெஸ்ட் என்ற படத் தளத்தில் ஒரு சொல்லைத் தட்டினால் போதும். ஒரு வகுப்பில் எல்லோரும் "கடல்" என்று தட்டினால் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே கடல் வருகிறது. ஒரு படத்தைச் சேமித்தால் அதே சாயலில் இன்னும் நூறு வரும். எல்லோரும் ஒரே கிணற்றில் இறைத்தால் தண்ணீரும் ஒரே ருசியாகத்தான் இருக்கும். அதனால்தான் இன்று எந்த ஊர்க் காபிக்கடைக்குப் போனாலும் அதே மஞ்சள் பல்பு, அதே செங்கல் சுவர், அதே எழுத்துரு.

எங்கள் ஆசிரியர் ஒருவர் இதற்கு ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறார். துணி செய்பவர் துணியைப் பார்த்து மூட்போர்டு செய்யக் கூடாது. கட்டடம், பூச்சி, பாத்திரம், இசை, எதை வேண்டுமானாலும் பார்க்கலாம். பெக் இன்னொரு ஊரின் வரைபடத்தைப் பார்க்காமல் மின்சுற்றைப் பார்த்தது போல. துறை தாண்டி எடுக்கும்போது முகம் பொருந்தாது. அதனால் காரணத்தைத் தேடி எடுக்கும் கட்டாயம் வந்துவிடும்.

இப்போது படம் வரையும் செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டது. "சோழமண்டலப் பாணியில் ஒரு மரம்" என்று எழுதினால் சில நொடியில் மரம் முளைக்கிறது. இவ்வகைக் கருவிகளுக்குப் பயிற்சி கொடுக்கத் திரட்டப்பட்ட ஒரு தொகுப்பில் மட்டும் 585 கோடி படங்களும் அவற்றின் குறிப்புகளும் இருந்தன. 2023 ஜனவரியில் அமெரிக்காவில் மூன்று ஓவியர்கள், எங்கள் படங்களைக் கேட்காமல் எடுத்தீர்கள் என்று இத்தகைய கருவிகளைத் தரும் நிறுவனங்கள்மேல் வழக்குத் தொடுத்தார்கள். கருவியை நான் வெறுக்கவில்லை. நானும் பயன்படுத்திப் பார்க்கிறேன். என் மூன்று கேள்விகளை அதனிடமும் கேட்டுப் பார்க்கிறேன். எதை எடுத்தாய்? எல்லாவற்றையும். எதைச் சேர்த்தாய்? அதைச் சொல்லக் கருவியால் முடியாது. நான்தான் சேர்க்க வேண்டும். யாரிடமிருந்து? அந்த மரத்தில் எந்த ஓவியரின் கை எவ்வளவு என்று அதனால் சொல்ல முடிவதில்லை. கேர்தூவின் கடிதத்திலாவது, இதைச் சாயத் தொழிலாளரிடம் கேட்டேன் என்ற ஒரு வரி இருந்தது.

பெயரும் பங்கும்

2025 ஜூனில் மிலான் நகரில் பிராடா நிறுவனத்தின் ஆடை அணிவகுப்பு நடந்தது. ஆண்கள் காலில் இருந்தது கோலாப்பூரி செருப்பின் அச்சு அசலான வடிவம். நிறுவனம் அதைத் தோல் செருப்பு என்று மட்டும் சொன்னது. கோலாப்பூரிக்கு 2019இலேயே புவிசார் குறியீடு கிடைத்திருந்தது. மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் பல தலைமுறையாக அதைச் செய்கிறார்கள். எதிர்ப்பு வலுத்த பிறகே, இந்தியக் கைவினையிலிருந்து பெற்ற உந்துதல் என்று நிறுவனம் ஒப்புக்கொண்டது.

ஏன் இவ்வளவு கோபம்? நம் ஊர் நெசவாளர் ஒருவர் ஏதோ ஒரு பாரிஸ் துணி வடிவத்தைப் பார்த்துப் புடவைக்கரை செய்தால் இந்தக் கோபம் வருவதில்லை. யார் யாரிடமிருந்து எடுக்கிறார்கள் என்பதில்தான் நியாயம் மாறுகிறது. வலியவர் எளியவரிடம் எடுக்கும்போது விலை, பெயர் இரண்டும் வலியவர் பக்கமே போய்விடுகின்றன. சட்டம் இங்கே ஓரளவுதான் உதவும். யோசனைக்குப் பதிப்புரிமை கிடையாது, அதன் வெளிப்பாட்டுக்கு மட்டும்தான் உண்டு. அது நல்லதும்கூட, இல்லாவிட்டால் ஒரு வட்டத்தைக்கூட யாராவது சொந்தமாக்கிக்கொள்வார்கள். புவிசார் குறியீடு பெயரைக் காக்கும். வேறு பெயரில் விற்கும் அதே தோற்றத்தைத் தடுப்பது அதற்குக் கடினம். ஆகவே சட்டம் முடியும் இடத்தில் தொழில் ஒழுக்கம் தொடங்க வேண்டும்.

வடிவமைப்பு மாணவர்கள் கைவினைஞர் ஊர்களுக்குப் போய்த் தங்கி, அவர்கள் தொழிலை ஆவணப்படுத்துவது எங்கள் படிப்பில் ஒரு பாடம். நானும் போயிருக்கிறேன். தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கேள்வி கேட்டு, துண்டு வாங்கி, குறிப்பு எழுதினேன். அப்போது எனக்கு போலியூவின் நினைவு வராமல் இல்லை. அவர் செய்ததற்கும் நான் செய்வதற்கும் என்ன வித்தியாசம்? நான் எழுதும் அறிக்கையில் சொல்லிக் கொடுத்தவர் பெயர், அவர் சம்மதத்தோடு, முதல் பக்கத்தில் இருந்தால் வித்தியாசம் இருக்கிறது. அறிக்கையின் ஒரு படி அவர் வீட்டுக்குப் போனால் வித்தியாசம் இருக்கிறது. அவர் வடிவத்தை வைத்து நான் நாளை பொருள் செய்து விற்றால், அதில் அவருக்கு வேலையோ பங்கோ இருந்தால் வித்தியாசம் இருக்கிறது. இவை மூன்றும் இல்லாவிட்டால் என் காலமும் மொழியும்தான் வேறு, வேலை ஒன்றே.

ஆகவே என் வயதுக்காரர்களுக்கு முதலில் சொல்கிறேன். தாராளமாக எடுங்கள். பார்த்துப் போட்டுக் கை பழகுங்கள். ஆனால் உங்கள் போர்ட்ஃபோலியோவில் ஒவ்வொரு வேலைக்கும் பின்னால் ஒரு பக்கம் ஒதுக்கி, எங்கிருந்து எடுத்தேன், என்ன மாற்றினேன் என்று எழுதுங்கள். எடுத்த இடத்தைச் சொன்னால் மதிப்புக் குறையும் என்ற பயம் வேண்டாம். கம்பருக்குக் குறையவில்லை.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். "இது எங்கேயிருந்து வந்தது?" என்ற கேள்வியைக் குற்றவாளியிடம் கேட்பதுபோல் கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால்தான் மாணவர்கள் மறைக்கக் கற்றுக்கொள்கிறார்கள். பட்டியல் நீட்டும் மாணவருக்கு மதிப்பெண் கொடுங்கள்.

கடைசியாக, இங்கே வந்திருக்கும் அம்மாக்களுக்கும் ஐயாக்களுக்கும். அடுத்த முறை துணிக்கடைக்குப் போகும்போது, விலை கேட்டபிறகு இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: "இது யார் நெய்தது, எந்த ஊர் வேலை, முடிச்சா அச்சா?" கடைக்காரருக்கு முதலில் பதில் தெரியாது. பத்துப் பேர் கேட்டால் தெரிந்துவைத்துக்கொள்வார். நூறு பேர் கேட்டால் சீட்டில் அச்சடித்துவிடுவார். புத்தகத்துக்கு நன்னூல் கேட்ட கணக்கைப் புடவைக்கு நீங்கள் கேளுங்கள்.